குவைத் அட்டைக்கு ஜோடி

1. சுவரில் ஒரு ஃபார்மசிஸ்ட்

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, தடாவில் லாரி கிளீனர், சித்தூரில் மாங்கூழ் கம்பெனி என்று சுற்றிக் கடைசியில் திருச்சானூர் ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வந்து விழுந்தேன். முதல் நாளே முதலாளி ஃபார்மசிஸ்ட்டை அறிமுகம் செய்துவைத்தார். அவர் சர்டிபிகேட்டாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தார். சாமி படத்துக்குக் காட்டும் ஊதுபத்தியில் அவருக்கும் ஒரு சுற்று உண்டு.

"இன்ஸ்பெக்டர் வந்தா, இப்பத்தான் சாப்பிடப் போனாருன்னு சொல்லு" என்றார் முதலாளி.

அவர் சாப்பிடப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது.

என் வேலை ஜோடி சேர்ப்பது. டாக்டர் சீட்டு யாரும் கொண்டுவர மாட்டார்கள், மாத்திரை தீர்ந்த காலி அட்டையைத்தான் நீட்டுவார்கள். மருந்தின் பெயரைப் பார்த்து அதே மருந்தை எடுத்துக் கொடுப்பேன். ஆறே மாதத்தில் என்னை 'டாக்டர்' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பட்டத்துக்கு எட்டாவது போதும்.

2. யாருக்கு?

வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அங்கிருந்து டேப் ரெக்கார்டர் வரும், சென்ட் வரும். புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவருக்கு மகன் சர்க்கரை மாத்திரை அனுப்பியிருந்தான். தீர்ந்ததும் காலி அட்டையோடு வந்தார்.

"இதே மாதிரி குடு நைனா. குவைத்து மாத்திர, நல்லா கேக்குது."

கொடுத்தேன். அடுத்த மாதமும் கொடுத்தேன். மூன்றாவது தடவை மருமகளையும் கூட்டிவந்தார். ஏழு மாத வயிறு. வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்வை, கை நடுங்கியது.

"மாத்திர போட்டுக்கினு ஒண்ணும் துன்னாம வந்துட்டா" என்றார் மாமியார்.

"மாத்திர உங்களுக்கு இல்லியா?"

"எனக்கின்னா கேடு? இவளுக்குத்தான். டாக்டரம்மா இன்சுலின் எழுதிச்சி. வயித்துல புள்ளைய வெச்சிக்கினு தெனம் ஊசியா? புள்ளைக்குப் போய்டாது?"

மருமகள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நான் மாத்திர வேணாம்னுதான் சொன்னேன்ணா. யாரு கேக்கறாங்க?"

குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். நடுக்கம் நின்றது. பிறகு அந்த மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளை எடுத்தேன். அதுவரை சில்லறை மாத்திரை பொட்டலம் கட்டத்தான் அந்தத் தாள் எனக்கு உதவியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கர்ப்பம் என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தை எனக்குத் தெரியும், டெஸ்ட் கார்டு விற்கிறோமே. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் தரக்கூடாது என்று போட்டிருந்தது.

மாத்திரை கிடையாது என்று சொல்லி ஆட்டோ பிடித்தேன்.

"கிராக்கிய ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கினு போறதுக்கா உன்ன வெச்சிருக்கேன்?" என்று முதலாளி கத்தினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாமியாரைப் பார்த்தார். "இந்த மாத்திரைதான்மா புள்ளைக்குப் போவும், அதுக்கும் சர்க்கரை எறங்கிடும். இன்சுலின் போவாது. காப்பாத்தறேன்னு தலைகீழா செஞ்சிருக்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன்ன யாருப்பா குடுக்கச் சொன்னது?"

"அட்டை" என்றேன்.

3. பால்

அன்றிலிருந்து ஊசி. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, ஈர மணல் போட்ட பானையில் இன்சுலினை வைத்தார்கள். பையன் பிறந்தான். இரண்டு நாள் குதிகாலில் குத்திக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். அந்த இரண்டு நாளும் என் ஜோடி சேர்ப்பில் கை ஓடவில்லை. பையன் தப்பினான்.

பத்தே நாளில் மாமியார் அதே காலி அட்டையோடு நின்றார்.

"புள்ளதான் பொறந்துட்ச்சே, இப்ப குடு. ஊசி பால்ல எறங்குமாமே?"

"டாக்டரம்மாவக் கேட்டுக்கினு வாங்க."

மறுநாள் வந்தார். "ஊசியால பாலுக்கு ஒண்ணும் ஆவாதாம். பால் குடுக்கறதுக்கு முன்ன கொஞ்சம் துன்னணுமாம். நீயும் அந்தம்மாவும் பேசி வெச்சிக்கினீங்களா?"

இப்போது கர்ப்பத்தில் சில மாத்திரைகளை டாக்டர்களே எழுதுகிறார்களாம். எழுதட்டும், வயிற்றைப் பார்த்து எழுதுகிறார்கள். நான் அட்டையைப் பார்த்துக் கொடுத்தவன்.

அதன் பிறகு இருமல் மருந்து கேட்டால்கூட "யாருக்கு?" என்பேன். வம்பு பிடித்தவன் என்று பெயர் வாங்கி, ஒரு வருடத்தில் வேலையும் போனது. சர்டிபிகேட் அங்கேயே தொங்கியது. அது யாரையும் எதுவும் கேட்காது. அந்த அம்மாவுக்கு மாத்திரை கொடுத்த இரண்டு மாதமும் நானும் அப்படித்தான் இருந்தேன்.