டீ குடிக்கப் போனவரைப் பற்றி ஒரு பாட்டு

இணையத்தில் என் பெயருக்குக் கீழே ‘சுயாதீன இசைக் கலைஞர்’ என்று இருக்கும். நானே போட்டுக்கொண்டதுதான். அந்தச் சுயாதீனத்துக்கு மூன்று பேரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பாடுவதற்கு இடம் கேட்டு எங்கள் பட்டறை முதலாளியிடம், செல்போன் கேட்டு வீட்டுக்காரரிடம், ஞாயிற்றுக்கிழமை சமைக்க முடியாது என்று மாமியாரிடம்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை செய்கிறேன். ஃபியூஸ் கட்டைகளைப் பளபளப்புக் கலவையில் முக்கி எடுத்து அடுக்குவது என் வேலை. கை முக்கிக்கொண்டிருக்க, வாய் பாடிக்கொண்டிருக்கும்.

“காத்துல வுடுற பாட்ட போன்ல வுட்டாத்தான் என்னடி?” என்று கேட்டவள் பக்கத்து மேசை அக்கா. அவள் பேச்சைக் கேட்டுத்தான் இறங்கினேன்.

வீட்டில் பாடினால் குக்கரும் கூடவே பாடியது. ஊரில் சத்தம் நுழையாத ஒரே இடம் எங்கள் பட்டறைச் சூளைதான். ஞாயிறன்று அது அணைந்து ஆறிக் கிடக்கும். அதற்குள் உட்கார்ந்து பாடினேன். பட்டறையில் கழித்துப்போட்ட ஃபியூஸ் கட்டைகளை வீட்டுக்காரர் வரிசையாக வைத்து ஸ்பூனால் தட்டினார். கட்டைக்கு ஒரு சத்தம் வந்தது, நன்றாகவே வந்தது.

பாட்டே அவரைப் பற்றியதுதான். அவர் டிராக்டர் ஓட்டுகிறவர். பெண்ணாடம் ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும், “டீ குடிக்கப் போயிட்டு வரேன்” என்று கிளம்புவார். அப்புறம் ஆளைப் பார்க்க முடியாது. ‘போயிட்டு வரேன்னு சொன்னீங்க, போன வழி தெரியலையே’ என்று பாட்டு தொடங்கும். அடுத்த சரணத்தில் டீக்கடை பெஞ்சு, அங்கே அவர் அளக்கும் கதை, இங்கே ஆறிப்போகும் சோறு எல்லாம் வரும். முழுக்கக் கிண்டல். தன்னைக் கிண்டல் செய்த பாட்டுக்குத் தாளம் போட்ட அவருடைய பெருந்தன்மையைச் சொல்லியாக வேண்டும். அவர் வரிகளைக் கவனிக்கவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பாட்டை இணையத்தில் ஏற்றினோம். அக்கா கேட்டாள், முதலாளி கேட்டார். எல்லோரையும்விட அதிகமாக நான் கேட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் அக்கா தன் போனை நீட்டினாள். நல்லூர்ப் பக்கம் யாரோ ஒரு பெரியவர் இறந்திருந்தார். அவருக்கு அஞ்சலி வீடியோ: மாலை போட்ட படம், இரண்டு பக்கமும் ஆடும் விளக்கு, பின்னால் என் குரல். டீக்கடை வருவதற்கு முன்னால் பாட்டை வெட்டியிருந்தார்கள்.

“பொருத்தமாத்தான்டி இருக்குது” என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதன் பிறகு சுற்றுவட்டாரத்தில் யார் இறந்தாலும் என் பாட்டு கூடவே போனது. “உசுரோட இருக்கிறவன ஊரு பூராவும் சாவடிச்சிட்டியே” என்றார் வீட்டுக்காரர். எனக்கும் கோபம்தான். ‘இது சோகப் பாட்டு இல்லைங்க’ என்று பாட்டுக்குக் கீழே எழுதினேன். ‘உங்க வலி புரியுது அக்கா’ என்று ஒருவர் பதில் போட்டார்.

கடைசியில் மேடை ஏறிப் பாட அழைப்பும் வந்தது. வேப்பூர் பக்கம் ஒரு கிராமத்தில், பதினாறாம் நாள் படத்திறப்பு. மறுக்க நினைத்தேன். ஆனால் என்னை வேறு யாரும் பாடக் கூப்பிட்டிருக்கவில்லை. போனோம். படத்துக்குப் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று வீட்டுக்காரர் கட்டைகளை எடுத்துக்கொண்டு பந்தல் ஓரத்துக்குப் போய்விட்டார். நான் முதல் சரணத்தைப் பாடி, கும்பிட்டு, மைக்கை வைத்தேன்.

முன்வரிசையில் இருந்த அம்மா, இறந்தவரின் மனைவி, நிமிர்ந்து பார்த்தார்.

“மீதிய ஏம்மா வுட்டுட்ட? டீக்கடை வருமே.”

“அது கிண்டலா இருக்கும்மா. இந்த எடத்துல எப்படி...”

“எனக்குத் தெரியும். அவரு போனப்புறம் தெனம் அதத்தான் கேக்குறேன். அவரும் அங்கதான கெடப்பாரு. பாடு.”

பாடினேன். ஆறிப்போன சோறு வந்தபோது பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கதை அளக்கும் வரி வந்ததும் பந்தலே சிரித்தது. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கிண்டலுக்கு எழுதிய வரியில் அதுவரை எனக்கு அழுகை வந்ததில்லை.

இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று படத்திறப்பு வருகிறது. முழுப் பாட்டையும் பாடுகிறேன். மற்ற நாட்களில் ஃபியூஸ் கட்டை. போன வாரம் ஒரு பெண் போன் செய்து, தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பாட வேண்டும் என்றாள்.

“கல்யாணம்தானேங்க?” என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். அவளுக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.