ஜீப்பு இல்லாத படம்

தங்கை மறைந்து ஓராண்டு முடிகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் சொந்தபந்தங்களுக்கும், அவளோடு மலையேறிய பெண்மக்களுக்கும் என் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். படித்தவர் யாரையாவது எழுதச் சொல்லலாமே என்றார்கள். தனியாளாக நின்று ஏலக்காய்த் தோட்டம் வாங்கியவனுக்கு, கூடப்பிறந்தவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வராதா? இளையவள் என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

போடிக்கு மேற்கே மலையடியில் பிறந்தோம். பெற்றவர்கள் தோட்டக்கூலிகள். நான் கங்காணியாகி, தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்து, பிறகு சொந்தமாகவே வாங்கினேன். யாரும் தூக்கிவிடவில்லை. தங்கையோ சிறு வயதிலேயே கணவரை இழந்து கைக்குழந்தையோடு நின்றாள். என் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன்.

"விருந்தாளியா வர்றேண்ணே. சோத்துக்கு வரமாட்டேன்" என்றாள்.

என் தோட்டத்துக்கும் வராமல் அடுத்தவர் தோட்டத்துக்கே காய் எடுக்கப் போனாள். முதலாளியின் தங்கை என்றால் மற்ற பெண்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்களாம். அந்தக் கூலியில்தான் மகளை மதுரைக்கு அனுப்பி சினிமாப் படிப்பு படிக்க வைத்தாள்.

கடைசி வருடம் மருமகள், அதாவது தங்கை மகள், ஓர் ஆவணப்படம் எடுத்தாக வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம். எதை எடுப்பது என்று வீட்டில் ஒரே பேச்சு. தேவாரம் ஊர்ப்பக்கம் வாழையை அழிக்கும் யானையை எடு என்றான் என் மகன்.

"அது என்ன ஒன்னைய மாதிரி சும்மாவா திரியுது, கூப்ட்டதும் வந்து நிக்க?" என்றாள் தங்கை.

நான் என்னையே எடுக்கச் சொன்னேன். மருமகள் கேட்கவில்லை.

"அம்மாவும் அவுக கூட்டாளிகளும் ஜீப்புல மலைக்குப் போறதத்தான் மாமா எடுக்கப்போறேன்."

தங்கை முகம் மாறிவிட்டது.

"வேணாம்டி. ஒரு ஜீப்புல எத்தன பேரு அடஞ்சு போறோம்னு ஒனக்குத் தெரியாதா? நீ படத்தக் காட்டிக் கைதட்டு வாங்கிருவ. மறுநாளே மெட்டு செக்போஸ்ட்டுல ஜீப்ப மறிப்பாக. பாதிப் பேர எறக்கி விட்ருவாக. எறங்குனவ வீட்ல ஒலை வைக்க நீயா வருவ?"

"அப்பிடிப் போறதே தப்பும்மா. கவுந்துச்சுன்னா?"

"தப்புதான். அதுக்காக எங்க மூஞ்சியக் காட்டிக்குடுப்பியா?"

நான் நடுவில் புகுந்தேன். என் ஜீப்பைக் கழுவித் தருகிறேன், எட்டுப் பேரைப் புதுச்சேலை கட்டி ஏற்றி எடு என்றேன்.

"எட்டுப் பேரு காலை நீட்டி உக்காந்து போனா, அது கல்யாணத்துக்குப் போற ஜீப்புண்ணே" என்றாள் தங்கை. அழுதுகொண்டிருந்த மருமகளே சிரித்துவிட்டாள்.

ஆனால் சண்டை தீரவில்லை. தாயும் மகளும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் தங்கையின் வயிற்றில் இருப்பது கெட்ட கட்டி என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மருமகள் படிப்பையே விட்டுவிடுகிறேன் என்றாள். தங்கைதான் இறங்கி வந்தாள்.

"என்னைய மட்டும் எடுத்துக்க. வீட்லருந்து தெருமுக்கு வரைக்கும். ஜீப்பு வந்ததும் கேமராவ அணச்சிரணும்."

மருமகள் சொன்ன சொல் தவறவில்லை. அந்தப் படத்தால் பட்டமும் வாங்கினாள். அதற்குள் தங்கை போய்விட்டாள்.

முப்பதாம் நாள் எங்கள் வீட்டில் அதைப் போட்டோம். ஜீப்பில் கூடப் போகும் பெண்களும் வந்திருந்தார்கள். தங்கை தூக்குவாளியில் சோறு அடைக்கிறாள், தலைத்துணி கட்டுகிறாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். முக்கில் நிற்கிறாள். அவள் முகத்தில் வண்டி வெளிச்சம் விழுகிறது. "போதும் ஆத்தா, அணச்சிரு" என்கிறாள். அத்தோடு படம் முடிந்துவிடுகிறது.

உதவியவர்கள் பெயரை மலரின் கடைசியில் போடுவது வழக்கம். தங்கைக்கு முடியாமல் போன பிறகும், ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கங்காணி பார்க்காத நேரத்தில் தங்கள் காயை அவள் கூடையில் கொட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் விடாமல் எனக்குத் தெரியும். அவர்கள் இன்றும் அதே ஜீப்பில்தான் போகிறார்கள். ஆகவே பெயர்களை இங்கே போடவில்லை. கைகூப்பி நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்