வண்டி நிற்பதற்குள் இறங்கியவர்கள்

ராயபுரத்தில் நான் வேலை பார்த்த ஏற்றுமதிக் கிடங்கில் எப்போது பார்த்தாலும் யாராவது ஒருவர் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார். மூட்டை விழுந்து அடிபட்டதென்று நினைக்காதீர்கள். மூட்டை தூக்குகிறவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். அடிபட்டதெல்லாம் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு, அதுவும் மரியாதையால்.

எங்கள் தலைமைக் குமாஸ்தா ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். அதன் இடது பக்கத்தில் மூன்றாவது சக்கரத்தோடு, ஓர் ஆள் உட்காரும்படி ஒரு தொட்டி. கப்பலில் வந்து இறங்கிய பழசுதான் என்றாலும், கவர்னர் வண்டியைப் போலத் தினமும் துடைப்பார். காலையில் டோல்கேட்டில் நிற்கும் குமாஸ்தாக்களில் ஒருவரைத் தொட்டியில் ஏற்றிக்கொள்வார். ஏறாவிட்டால் திமிர் பிடித்தவன் என்று பெயர். ஏறுவதில் கஷ்டமில்லை, இறங்குவதில்தான் வினை. அவர் ஒரு காலைத் தூக்கிப் போட்டுச் சட்டென்று இறங்கிவிடுவார். முழங்கால் முகவாயில் இடிக்கத் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நாம் எழுந்து வருவதற்கு அரை யுகம் ஆகும். பெரியவர் நிற்க, நாம் உட்கார்ந்திருப்பதாவது! ஆகவே வண்டி கிடங்கு வாசலை நெருங்கும்போதே எழுந்து, அது நிற்பதற்குள் குதித்து, அவர் இறங்கும்போது கைகட்டி நின்றுவிட வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை. ஆனாலும் டைப் அடிப்பவருக்கு முழங்கை போயிற்று. வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த ஸ்டோர்கீப்பர் பாய்க்கு முன்பல் இரண்டு போயிற்று.

எனக்கு வேறு வழியில்லை. இரண்டு வருஷமாகத் தற்காலிக வேலை. வேலை நிரந்தரமானால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று திருவொற்றியூரில் மாமனார் பிடிவாதமாக இருந்தார். கல்யாணமாகி ஒன்பது மாதம். மனைவியை நான் பார்த்ததெல்லாம் கோயில் உற்சவத்தில் தூரத்திலிருந்துதான். அவளை நினைத்தால் சோறு இறங்காது. தலைமைக் குமாஸ்தா ஒரு வரி எழுதினால் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்த ஒரு வரிக்காக மற்றவர்களைவிட நாலு கஜம் முன்னாலேயே குதித்தேன். ஒரு கால் தொட்டி விளிம்பில் மாட்ட, மற்றது வாசலை ஒட்டிப் போகும் கூட்ஸ் வண்டித் தண்டவாளத்தில் மடங்கியது.

வாசல் காவல்காரர்தான் தூக்கிவிட்டார். “வண்டி நிக்கறதுக்குள்ள எதுக்கு நைனா குதிக்கிறே? குந்திகினு இருந்தா அந்தாளு இன்னா கடிச்சா துன்னுடுவாரு?” என்றார். படிக்காத மனுஷன், ஆபீஸ் மரியாதை இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கணுக்காலுக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார்கள். கம்பு இல்லாமல் எழுந்திருக்க முடியாது. வாசலருகே ஸ்டூலில் உட்காரவைத்து, மூட்டைக்குச் சீட்டு எழுதச் சொன்னார்கள். பத்தாம் நாள் துரையின் கார் மக்கர் செய்தது. அவரைத் தொட்டியில் உட்காரவைத்து ஓட்டி வந்தார் தலைமைக் குமாஸ்தா. துரை இறங்கும்போது தாம் உட்கார்ந்திருப்பதாவது! வாசல் வந்ததும் கைப்பிடியை விட்டுவிட்டுக் குதித்துக் கைகட்டி நின்றார். வண்டி நிற்கவில்லை. துரையோடு போய் வேர்க்கடலை மூட்டை அடுக்கில் மோதிற்று. துரைக்குத் தோள் நழுவியது.

துரைக்குக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் தலைமைக் குமாஸ்தா என் ஸ்டூலருகே வந்து குனிந்தார். என்னிடம் அவர் குனிந்தது அதுதான் முதல் தடவை. “நீ குறுக்கே ஓடி வந்தே, அதனால நான் தடுமாறி விழுந்தேன்னு சொல்லிடு. உன் விஷயத்தை நான் பாத்துக்கறேன்” என்றார்.

காவல்காரர் தாங்கித்தான் என்னைத் துரையின் அறைக்குள் கூட்டிப்போனார். துரை என் சிம்பையும் கம்பையும் பார்த்தார். இந்தக் காலை வைத்துக்கொண்டா ஓடினாய் என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். நிஜமாகவா என்று மறுபடி கேட்டார். பக்கத்தில் தலைமைக் குமாஸ்தா நின்றுகொண்டிருந்தார். ஆமாம் சார் என்றேன்.

நாலாம் நாள் உத்தரவு வந்தது. இவனை நிரந்தரமாக்க வேண்டாம், மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாம். காரணம், பொய் பேசுகிறவன். சிபாரிசு செய்து கையெழுத்திட்டிருந்தவர் தலைமைக் குமாஸ்தா. என் மனைவி இன்னும் ஒன்றரை வருஷம் திருவொற்றியூரிலேயே இருந்தாள். அதைக்கூட மன்னித்துவிடுவேன். அந்தக் காகிதத்தை அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி நீட்டியபோது, நான் கம்பை ஊன்றி எழுந்து நின்று வாங்கிக்கொண்டு, “ரொம்ப நன்றி ஐயா” என்றேன் பாருங்கள், அதற்குத்தான் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.