சந்தனப் பொட்டு வைத்த ஸ்பீக்கர்

தொண்ணூறுகள் முடிகிற நேரம். குவைத்திலிருந்து லீவில் சித்தூருக்கு வந்திருந்தேன். மாம்பழ சீசன். பஸ் ஊருக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாக மாங்கூழ் வாசனை வந்து முகத்தில் அப்பியது. வருஷக்கணக்காக ஏசிக் காற்றையே சுவாசித்தவன் நான். அந்தப் புளிப்பும் இனிப்பும் கலந்த காற்றை நெஞ்சு முட்ட இழுத்தேன். திரும்பிப் போகக் கூடாது என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. போகாவிட்டால் சோற்றுக்கு என்ன வழி என்பதுதான் தெரியவில்லை.

குவைத் போவதற்கு முன் எனக்கு மைக் செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எல்லாவற்றுக்கும் வாடகைக்கு விடுவேன். என்னிடம் இருந்ததிலேயே எனக்குப் பிடித்தது ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர். மிஷன் பள்ளிக்கூட ஹாலில் கழற்றிப் போட்டதை வாங்கி வந்தேன். தேக்குப் பெட்டி, உள்ளே அதிர்ந்து சத்தம் எழுப்புகிற காகிதக் கோன். பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். ஆனால் அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். வெளிநாட்டுச் சாமான்களுக்கு மார்க்கெட்டைத் திறந்துவிட்ட பிறகு கைக்கடக்கமாக, கண்ணைப் பறிக்கிற விளக்குகளோடு புதுப்புது செட்டுகள் வந்து இறங்கின. தெருவுக்கு ஒருவர் வாடகைக்கு விட்டார். என் மரப்பெட்டிகளை யார் கூப்பிடுவார்கள்? ஒரு வீட்டு டிரைவராகக் குவைத்துக்கு விமானம் ஏறினேன். மகள் அப்போது கைக்குழந்தை.

திரும்பி வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போகிற பெண். வாசலில் நான் பேசியதைக் கேட்டதும் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"அம்மா, நைனா குரலு இது இல்லியே?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மனைவி அளவாகத்தான் பேசினாள். சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். போனிலும் அவள் அப்படித்தான். எஸ்டிடி பூத்தில் நின்று, "நல்லா கீறோம், நீ ஒடம்ப பாத்துக்கோ" என்பதோடு வைத்துவிடுவாள். நான் இல்லாமல் வாழப் பழகிவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருக்கட்டுமா, போகட்டுமா என்று அவளிடம் கேட்கப் பயமாக இருந்தது. போ என்று சொல்லிவிட்டால்?

அந்த வாரம் மூன்று பேரும் திருப்பதி போனோம். மலையிலிருந்து இறங்கி ஒரு சின்ன லாட்ஜில் தங்கினோம். அதன் முன்னறையில் பழைய இசைத்தட்டுகள் அலமாரி அலமாரியாக இருந்தன. மூலையில் கோன் கிழிந்த ஒரு ஸ்பீக்கர். கால் தானாக அங்கே போய் நின்றுவிட்டது. லாட்ஜ்காரர் பேச்சுக் கொடுத்தார். இதையெல்லாம் சரி செய்ய ஆள் கிடைக்கவில்லை, தன்னைப் போலப் பைத்தியங்கள் பெங்களூரிலும் மதராஸிலும் நிறைய இருக்கிறார்கள், எல்லார் வீட்டிலும் செட்டுகள் ஊமையாகக் கிடக்கின்றன என்றார். என் ஜோடியைப் பற்றிச் சொன்னேன்.

"தீசுகுனி ரண்டி" என்றார், கொண்டு வாருங்கள் என்று. பிறகு விரலை உயர்த்தி, "ரெண்டூ ஒகே கொந்துதோ மாட்லாடாலி!" என்றார். இரண்டும் ஒரே குரலில் பேச வேண்டுமாம். பேசினால் தன்னிடம் இருக்கும் வேலை முழுவதும் எனக்கு. தெரிந்தவர்களுக்கும் சொல்லுவார்.

பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் முடிவெடுத்தேன். அந்த ஜோடி பாடினால் இங்கேயே இருக்கலாம். பாடாவிட்டால் டிக்கெட் தயாராக இருக்கிறது.

மறுநாள் பின்னறையில் பழைய புடவை போர்த்திக் கிடந்த பெட்டிகளை வெளியே இழுத்தேன். ஆம்ப்ளிஃபயரில் ஒவ்வொன்றாக இணைத்துப் பார்த்தேன். இடது பக்கத்துப் பெட்டி நேற்று வைத்துவிட்டுப் போனது போலப் பாடியது. வலது பக்கத்துப் பெட்டி, வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுகிறவரைப் போல முணுமுணுத்தது. முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கோனின் நடுவே ஒரு குமிழ் இருக்கும். தூசி உள்ளே போகாமல் இருக்கத் துணியில் செய்த சின்ன மூடி. அதன்மேல் சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம். அதன்மேல் மறுபடி சந்தனம், மறுபடி குங்குமம். காய்ந்து, வெடித்து, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு மேடு.

"இன்னாமே இது?"

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆயுத பூசைக்கு அந்தச் சட்டத்தக் கழட்டிட்டு வச்சது. உன் சாமானுக்கு வேற யாரு பொட்டு வைப்பாங்க?"

"வருஷத்துக்கு ஒண்ணுன்னா இத்தினி வருமா?"

"கேசட்டு வந்த அன்னிக்கும் வச்சேன்."

அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவோம். ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். எஜமானின் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும்போது, கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு பேசுவேன். இங்கே வீட்டு டேப் ரெக்கார்டரின் சொந்த ஸ்பீக்கர் கெட்டுப்போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வயரை இழுத்து வலது பெட்டியில் கொடுத்திருக்கிறார். என் குரல் அதிலிருந்துதான் வந்திருக்கிறது. ஆகவே பொட்டு அதற்கு மட்டும்.

"மாரியாத்தாளுக்குக்கூட இத்தினி பொட்டு வச்சிருக்க மாட்ட நீ!"

"அவ ஒண்ணும் ஊர வுட்டுப் போவலியே" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

காகிதக் கோனில் ஒரு தீக்குச்சி பாரம் ஏறினாலும் அதன் நாக்கு தடிக்கும். இது பெரிய மேடு. ஈரச் சந்தனம் இறங்கிக் காகிதம் தொய்ந்திருந்தது. கட்டை விரல்களால் கோனை மெல்ல அழுத்தினால் உள்ளே கரகரவென்று உரசல். மூடித் துணியின் நூலிடுக்கு வழியாகக் குங்குமப் பொடி காந்தத்துக்குள் போயிருந்தது. காந்தத்துக்கும் அதற்குள் ஆடுகிற கம்பிச் சுருளுக்கும் நடுவே மயிரிழை அளவுதான் இடைவெளி. அங்கே தூசி போனால் குரல் போனது மாதிரி.

பிளேடும் சின்ன பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுக்கு அடுக்காகப் பெயர்த்தேன். மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு. ஒவ்வொரு அடுக்கும் நான் இல்லாத ஒரு நாள். எல்லாப் பொட்டும் நடுவில் சரியாக, வட்டமாக. ஒன்றே ஒன்று மட்டும் ஓரமாகச் சரிந்து, சின்னக் குழந்தை ஈஷியது போல இருந்தது.

"அந்த வருசம் கண்ணு தெரியலியா ஒனக்கு? பொட்ட காதுல வச்சிருக்கியே!" என்று குரல் கொடுத்தேன்.

சமையலறையிலிருந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும்.

தின்னரில் பஞ்சை நனைத்து ஒட்டுப் பசையை இளக்கி, மூடியை முழுசாகக் கழற்றினேன். செல்லோடேப்பை அட்டையில் சுற்றி, குங்குமப் பொடியைத் துளித்துளியாக ஒற்றி எடுத்தேன். இனிச் சுருளை நடுவில் நிறுத்த வேண்டும். அதற்கு எக்ஸ்ரே பிலிம்தான் சரி. அதை மெல்லிய பட்டைகளாக நறுக்கி, சுருளைச் சுற்றிச் செருகிவிட்டால் அசையாமல் நிற்கும். புதுப் பசை போட்டுக் காய்ந்ததும் உருவிவிடலாம்.

"பழைய எக்ஸ்ரே ஏதாவது கீதா வூட்ல?" என்றேன். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வருவாள் என்று நினைத்தேன்.

பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு பீரோ திறக்கிற ஓசை. ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒரு கை. மெல்லிய விரல்கள், மணிக்கட்டுக்கு மேலே எலும்பு இரண்டாக ஒடிந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது. ஒடிந்த எலும்பின் கீழே வளையல்களின் நிழல்.

"யாருது?"

"என்துதான்."

"எப்ப?"

"மாங்கா கம்பெனிக்கு சீசன் வேலைக்குப் போனேன் இல்ல. தரையெல்லாம் கூழு. வழுக்கி வுட்டுது. புத்தூருக்குப் போயி எலும்பு வைத்தியர்கிட்ட கட்டு போட்டுக்கினு வந்தேன். ஆயுத பூசை வரிக்கும் அந்தக் கையால ஒண்ணும் புடிக்க முடியல. எடக்கையால வச்சேன் அந்தப் பொட்ட."

என்னால் பிலிமைக் கீழே இறக்க முடியவில்லை.

"ஏன்மே என்கிட்ட சொல்லல?"

"எப்டிச் சொல்றது? நீயே அங்க ஒடம்பு சரியில்லாம கெடக்கற..."

"யாரு சொன்னது?"

"உன் குரலு சொல்லிச்சு. மொதல்ல வந்த கேசட்டுல கணீர்னு பேசன. அப்புறம் வரவர அடங்கிப் போச்சு. போர்வைக்குள்ள பூந்துக்கினு பேசற மாதிரி. போன்லதான் ஒரே எரைச்சல், ஒண்ணும் தெரியாது. சோறு சரியில்லியோ, சொரமோ, அழுதுகினு கீதோ மனுசன்னு நெனைப்பேன். அன்னிக்கு இன்னும் கொஞ்சம் சந்தனம் இழைச்சி வைப்பேன். காணிப்பாக்கம் புள்ளையார் கோயிலுக்கு நடந்தே போயி வேண்டிக்கினு வந்தேன். நம்ம கஷ்டத்த வேற சொல்லி இவன நோவடிக்கணுமான்னு போன்ல வாய மூடிக்குவேன்."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். தரையில் உதிர்ந்து கிடந்த சந்தனத்தைப் பார்த்தாள். பிரித்துப் போட்டிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த நிமிஷம்தான் புரிந்தது. என் குரல் மங்கியது என்று பொட்டு வைத்திருக்கிறாள். பொட்டு வைக்க வைக்கக் குரல் மங்கியிருக்கிறது.

"அய்யோ, நானே உன் வாயில மண்ணள்ளிப் போட்டேனா?" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் கண் நிறைந்துவிட்டது. வந்ததிலிருந்து முதல் தடவையாக என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

எக்ஸ்ரேயை வெட்ட எனக்குக் கை வரவில்லை. கத்தரிக்கோலை அவளே வாங்கினாள். "எலும்புதான் கூடிப்போச்சே, இத்த வச்சிக்கினு இன்னா பண்றது?" என்று ஓரத்துக் கறுப்பை நீளநீளமாக நறுக்கிக் கொடுத்தாள். அவற்றைச் சுருளைச் சுற்றிச் செருகினேன். அவள் கோனின் விளிம்பை விரல் நுனியால் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டில் எலும்பு கூடிய இடம் லேசாகப் புடைத்திருந்தது. இத்தனை நாளும் அந்தக் கைதான் எனக்குச் சோறு போட்டது. நான் பார்க்கவில்லை.

உதிர்ந்த சந்தனத்தைக் குப்பையில் கொட்ட விடவில்லை அவள். சாமிக்கு வைத்தது, கால் படக் கூடாது என்று அள்ளிப் போய்த் தென்னை மரத்தடியில் போட்டாள்.

பசை காய்ந்தது. புது மூடி ஒட்டினேன். மறுநாள் சாயங்காலம், மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிறகு, எதைப் போட்டுப் பார்க்கலாம் என்று கேசட்டுகளைத் துழாவிக்கொண்டிருந்தேன். மனைவி கடைசியாக நான் அனுப்பியதை எடுத்துக் கொடுத்தாள்.

காரின் ஏசி இரைச்சல் முதலில் வந்தது. பிறகு என் குரல், கண்ணாடி மாதிரி.

"நான் நல்லா கீறேன். இங்க ஒரு கொறையும் இல்ல. நல்லா துன்றேன், நல்லா தூங்கறேன்."

"ஐ, இதான் நைனா குரலு!" என்று மகள் என் முழங்காலில் வந்து சாய்ந்தாள். மனைவி மட்டும் அசையவில்லை. கேசட் ஓடி முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் உற்சாகமாக இருந்தது. கல்யாண வீட்டில் மைக் பிடித்தவனைப் போல உற்சாகம். ஒவ்வொரு வார்த்தையும் பொய். நாளுக்குப் பாதி நேரம் அந்தக் காருக்குள்ளேயே கிடந்ததையும், மாடிப்படிக்குக் கீழே பாய் போட்டுத் தூங்கியதையும், ரம்ஜான் மாதத்தில் ஒரு நாள் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுததையும் எந்தக் கேசட்டிலும் நான் சொன்னதில்லை.

"நல்லாவா இருந்த?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"பொட்டு வச்சிருந்தப்போ இது உண்மையச் சொல்லிக்கினு இருந்துச்சு. நீ தொடைச்சதும் பொய் பேசுது பாரு" என்றாள். பிறகு குரலை இறக்கி, "போவாதன்னு சொல்ல எனக்கு இத்தினி நாளா வாய் வரல. இப்பச் சொல்றேன். போவாதய்யா" என்றாள்.

அடுத்த வாரம் இரண்டு பெட்டிகளையும் வேனில் ஏற்றித் திருப்பதிக்குக் கொண்டுபோனேன். லாட்ஜ்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்று போடச் சொன்னார், அப்புறம் இன்னொன்று. கண்ணைத் திறந்ததும் மூலையிலிருந்த கிழிந்த ஸ்பீக்கரைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார். அதன் பிறகு நான் குவைத்துக்குப் போகவில்லை. பெரிதாகச் சம்பாதித்தேன் என்று சொல்ல மாட்டேன். மெலிந்த மாதங்கள் நிறைய. ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொட்டு வைக்க அவளோடு நானும் இருந்தேன். இப்போது பெட்டியின் மரத்தில் வைக்கிறோம்.

மகள் இன்று கடல் தாண்டி வேலை பார்க்கிறாள். போனில் அவள் குரல் அடுத்த அறையிலிருந்து பேசுவது போல, ஒரு உரசல் இல்லாமல் வருகிறது. "நல்லா கீறேன் நைனா" என்கிறாள். எவ்வளவு தெளிவாக அது கேட்கிறதோ, அவ்வளவு மெதுவாக நான் இன்னொரு முறை கேட்கிறேன்: "நெஜமாவா பாப்பா?" அதற்குப் பிறகு வருகிற சின்ன மௌனத்தில்தான் எங்கள் பேச்சு ஆரம்பமாகிறது.