பன்னிரண்டாம் எண் மட்டும் அதிர்ந்தது

சிங்கப்பூரின் ரெட்ஹில் நிலையத்தில் ரயிலேறி உட்கார்ந்ததும் நிதீஷ் பையிலிருந்து கவிதைப் புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் பக்கத்தைத் திறப்பான். இடது கட்டைவிரல் நடு மடிப்பில் போய் உட்காரும். அந்த இடத்தில் காகிதம் இலேசாகப் பழுப்பேறிவிட்டது. கண்கள் அந்த ஆறு வரிகளின் மேல் ஒருமுறை நடந்துவிட்டு, புத்தகத்தின் மேல் விளிம்பைத் தாண்டி எதிர் வரிசைக்குப் போய்விடும். யாருடைய ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிறது, இடம் கொடுக்க மனமில்லாமல் யார் தூங்குவதுபோல் நடிக்கிறார்கள், எந்த அம்மா பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் தானே எழுதுகிறார் என்று பார்க்க எவ்வளவோ இருக்கிறது. ஊட்ரம் பார்க்கில் வண்டி மாறியபின் மரியாதைக்கு ஒரு பக்கம் புரட்டுவான். டோபி காட் வருவதற்குள் திருப்பிப் பதினான்குக்கே வந்துவிடுவான். லிட்டில் இந்தியாவில் இறங்கும்போது முகத்தில் ஒரு சிறு சோகம் இருக்கும், நல்ல கவிதை படித்தவனுக்கு எவ்வளவு இருக்கலாமோ அவ்வளவு.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதமாக இதே பதினான்காம் பக்கம்.

அவனுக்கு வயது இருபத்தேழு. வீடு புக்கிட் மேராவில், அப்பா அம்மாவோடு. வேலை ஜாலான் புசாரில், குழாயும் போல்ட்டும் விற்கும் கடைக்கு மாடியில், நான்கு பேர் கொண்ட ஒரு கம்பெனியில். அவர்கள் செய்வது பஸ்ஸர். சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் கொடுத்ததும் கையில் ஒரு வட்டத் தட்டைத் தருவார்களே, சாப்பாடு தயாரானதும் உள்ளங்கையில் விளக்கெரிந்து குறுகுறுவென்று அதிருமே, அதுதான்.

அந்தத் தட்டுக்குள் ஒரு சிப். சிப்பை ஆட்டிவைப்பது கெர்னல் என்கிற அடிப்படை நிரல். அந்தக் கெர்னலில் கிளாக்குகளைக் கவனிப்பது நிதீஷின் பொறுப்பு. இந்தக் கிளாக் மணி காட்டாது. சிப்பின் ஒவ்வொரு உறுப்பும் இயங்க ஒரு துடிப்பு வேண்டும். அதைக் கொடுப்பதுதான் கிளாக். துடிப்பு பேட்டரியைத் தின்னும். ஆகவே தேவைப்படுகிற உறுப்பு கெர்னலிடம் கேட்டு வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். கேட்டவர்கள் எத்தனை பேர் என்று கெர்னல் எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை பூஜ்யமானால் துடிப்பை நிறுத்திவிடும். கேட்காதவர்களுக்குத் தேவையில்லை என்பது கெர்னலின் கட்சி.

இந்த வேலை போயும் போயும் நிதீஷிடம் வந்து சேர்ந்தது. பிராட்டாவுக்கு இன்னொரு கரண்டி குழம்பு கேட்கக் கூசி, காய்ந்த பிராட்டாவை மென்று தின்கிறவன் அவன்.

"ஞாயிற்றுக்கிழமை மங்களம் அக்கா கடையில டிரையல்," என்றார் முதலாளி விஸ்வலிங்கம். "பன்னிரண்டு பஸ்ஸர். ஒரு சார்ஜ்ல மூணு நாள் ஓடணும்னு சொல்லிட்டேன். நல்லா நடந்துச்சுன்னா திங்கக்கிழமை உன்னோட கன்ஃபர்மேஷன் லெட்டர் ரெடி. புரோபேஷன் முடிஞ்சுது."

நடக்காவிட்டால் என்று நிதீஷ் கேட்கவில்லை.

பஸ்ஸர் அப்போது ஒரு நாள்தான் தாங்கியது. பஸ்ஸர் கண்விழித்ததும் யாருமே கேட்காமல் சும்மா துடித்துக்கொண்டிருக்கும் கிளாக்குகளையெல்லாம் கெர்னல் தேடி நிறுத்தும்படி அவன் எழுதினான். எழுதியதைச் சோதிக்க, பஸ்ஸரை ஒரு கேபிளால் தன் லேப்டாப்போடு இணைத்தான். உள்ளே நடப்பதெல்லாம் வரி வரியாகத் திரையில் வரும். அழைத்தான். அதிர்ந்தது. பிறகு கேபிளைக் கழற்றி, பஸ்ஸரை மேசை இழுப்பறையில் போட்டு மூடி, நாளைக்கு நாற்பது முறை அழைக்கும்படி வைத்தான். ஒவ்வொரு அழைப்புக்கும் 'கிடைத்தது' என்று பதில் வந்தது. மூன்று நாள் முடிந்தும் பேட்டரி மிச்சமிருந்தது. நிதீஷ் மாடிப்படியில் நின்று யாரும் பார்க்காதபடி இரண்டு முறை குதித்தான்.

பக்கத்து மேசை ஆரபி அவனைவிட மூன்று வருடம் மூத்தவள். முந்தின மாதம் ஒரு மீட்டிங்கில் அவனுடைய வேலையில் ஒரு சின்னப் பிழையைச் சுட்டிக்காட்டினாள். அவன் காது சிவந்து, இரண்டு நாள் மதியச் சாப்பாட்டை மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து தின்றான். "சாமி, இனிமே உன்கிட்ட எதையும் எல்லார் முன்னாடியும் சொல்ல மாட்டேன் லா," என்று கும்பிட்டாள் அவள். அதிலிருந்து தினமும் நான்கு மணிக்கு அவனைத் தே என்கிற பால் டீ குடிக்கக் கூட்டிப் போவாள்.

அந்தப் புதன்கிழமை தே குடிக்கும்போது அவன் புத்தகத்தைக் காட்டிக் கேட்டாள். "எப்பவும் கையில வச்சிருக்கியே, எத்தனாவது பக்கம்?"

"தினம் ரயில்ல ஒரு கவிதை," என்றான் நிதீஷ். வாய் தானாகவே எண்ணை ஏற்றிவிட்டது. "நாற்பத்திரண்டாம் பக்கம் முடிச்சிட்டேன். நாளன்னைக்கு நாற்பத்திமூணு."

நாளைக்கு என்னாயிற்று என்று அவள் கேட்கவில்லை. நாளைக்கு ஒரு நாள் அசைபோட வேண்டும் என்று அவன் பதில் தயாராக வைத்திருந்தான்.

வியாழக்கிழமை அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலை அவன் பையை இறக்குவதற்குள், "இன்னைக்குப் படிச்சியா?" என்றாள்.

"படிச்சேனே. ரொம்ப ஆழம்."

"ஆழமா? சரி, என்ன செய்யப் போற?"

"யோசிச்சிட்டே இருக்கேன்."

"யோசிக்காத. ஞாயிறுக்குள்ள செஞ்சு முடி."

கவிதையை வாழ்ந்து பார்க்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்ட நிதீஷுக்கு அன்று முழுவதும் மார்பு இரண்டங்குலம் அகலமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மங்களம் அக்காவின் கடையில் உட்கார இடமில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது கடை. கவுண்டரில் ஆர்டர் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். தயாரானதும் மாசிலாமணி அண்ணன் எண்ணைக் கூவுவார், எதிர்ச் சந்து வரை கேட்கும். இன்று அவருக்கு வாய்ப்பூட்டு. கைகளைக் கட்டிக்கொண்டு கவுண்டரோரம் நின்றார்.

"எங்க, ஒண்ணை அடிச்சுக் காட்டுங்க," என்றார் மங்களம் அக்கா.

மூலை மேசையில் நிதீஷின் லேப்டாப்பில் கேபிளோடு இருந்தது பன்னிரண்டாம் எண். திரையில் வரிகளைப் பார்க்க அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தான். கைக்குக் கிட்டிய அதையே கேபிளோடு நீட்டி அழைத்தான். அது குறுகுறுவென்று அதிர்ந்தது.

"அட, கையில தவளை மாதிரி துடிக்குது லா!" என்று அக்கா சிரித்தார். விஸ்வலிங்கம் நிதீஷின் முதுகில் தட்டினார். ஆரபியும் லேசாகச் சிரித்தாள்.

மற்ற பதினொன்றும் மேசைகளுக்குப் போயின. தன் பங்குக்கு நிதீஷும் ஒரு நெய்த் தோசை சொன்னான். மூன்றாம் எண்ணை அழைத்தார்கள். திரையில் 'மூன்று: கிடைத்தது, மோட்டார் ஓடியது' என்று வந்தது. மூன்றாம் எண்காரர் பஸ்ஸருக்குப் பக்கத்தில் கையை வைத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து, எட்டு, ஒன்று என்று அழைப்புகள் போயின. திரை எல்லாவற்றுக்கும் 'ஓடியது' என்றது. கடையில் ஒருவரும் எழவில்லை. கவுண்டரில் தட்டுகள் வரிசைகட்டின.

"அக்கா, நான் வாயத் திறக்கட்டுமா?" என்றார் மாசிலாமணி.

"சும்மா இரு. மெஷின் கூப்பிடும்."

"ஏங்க, எங்க இட்லிக்கு இன்னும் அரிசியே ஊற வைக்கலையா?" என்று எட்டாம் எண் அம்மா எழுந்துவந்தார். இட்லி அவருக்கு முன்னாலேயே பத்து நிமிடமாக ஆறிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மூலை மேசையில் பன்னிரண்டாம் எண் மட்டும் துள்ளித் துள்ளி அதிர்ந்தது.

"பாருங்க," என்றார் மாசிலாமணி கடைக்கே கேட்கும்படி. "கம்ப்யூட்டர்காரத் தம்பிக்கு மட்டும் சுடச்சுட வந்துடுது."

நிதீஷ் தோசையைத் தொடவில்லை. மூன்றாம் எண்ணை வாங்கிவந்து அழைத்துப் பார்த்தான், கல்போல் கிடந்தது. கேபிளை மாட்டி அழைத்தான், அதிர்ந்தது. கழற்றினான், கல். மூன்றாவது தடவை மாட்டும்போது புரிந்துவிட்டது.

மோட்டாரும் கேபிள் வாயும் ஒரே கிளாக்கில் துடிப்பவை. கேபிளை மாட்டினால் கேபிள் வாய் முறையாகக் கெர்னலிடம் கேட்டு வாங்கும். அந்தத் தயவில் மோட்டாரும் ஓசியில் ஓடும். கழற்றினால் எண்ணிக்கை பூஜ்யம், துடிப்பு நின்றுவிடும். மோட்டாருக்கான நிரல் கிளாக்கைக் கேட்கவே இல்லை; ஓடச் சொன்னதையே 'ஓடியது' என்று எழுதிவிட்டது. அதை எழுதியது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்து நிதீஷ். கூச்சம், வேறென்ன. அவன் பார்த்துக்கொண்டிருந்த வரை எல்லாம் ஓடியது, அவன் கேபிளால்தான் பார்த்தான் என்பதால். இழுப்பறைக்குள் மூன்று நாள் பேட்டரி தாங்கியதும் அதிசயமில்லை. மோட்டார் ஒருமுறைகூட அசையவில்லை.

விஸ்வலிங்கம் குனிந்து, மங்களம் அக்காவுக்கும் கேட்கும்படி, "இந்தப் பழைய கடைவீட்டுச் சுவரு ரொம்பத் தடிப்பு. சிக்னல் போகல, அப்படித்தானே?" என்றார்.

ஒரு தலையசைப்பு போதும். நாளைக்குக் கடிதம். தலையசைப்பதில் நிதீஷுக்கு இருபத்தேழு வருட அனுபவம் உண்டு. ஆனால் சிக்னல் கிடைத்தது என்று திரையில் பதினொரு வரி நின்றது. அவற்றைப் பார்த்துக்கொண்டே பொய்யாகத் தலையை ஆட்டக் கழுத்து வரவில்லை.

"சிக்னல் போச்சு சார். என் தப்பு. மோட்டாருக்குக் கிளாக் கேக்காம விட்டது நான்தான். அதைத் தேடி நிறுத்தினதும் நான்தான்."

மெல்லச் சொல்லத்தான் நினைத்தான். கடையே திரும்பிப் பார்த்தது. மூன்றாம் எண்காரர்கூடப் போனைக் கீழே வைத்துவிட்டார். விஸ்வலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாசிலாமணி," என்றார் மங்களம் அக்கா, "கூப்பிடு."

அவர் பதினொரு எண்களையும் ஒரே மூச்சில் கூவினார். ஆரபி நிதீஷை ஒரு கணம் வெறித்துப் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் போறேன் சார்," என்று கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. புரோபேஷன் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டிருந்தது. பிழையைத் திருத்த ஒரே வரிதான் ஆயிற்று: மோட்டார் ஓடுமுன் கிளாக்கைக் கேள். திருத்தியபின் பேட்டரி இரண்டரை நாள் தாங்கியது. இரண்டரை நாள்தான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னதும், "தம்பி ஒத்துக்கிட்டான்ல, இன்னொரு தடவை வாங்க," என்றார் மங்களம் அக்கா. இரண்டாவது டிரையலுக்கு நிதீஷ் லேப்டாப்பே எடுத்துப் போகவில்லை. பன்னிரண்டும் அதிர்ந்தன.

ஆரபி மட்டும் அதன்பின் தே குடிக்கக் கூப்பிடவில்லை. வேலைக்கு வேண்டியதைப் பேசினாள், அதோடு சரி. தன் தோல்வியைப் பார்த்து வெறுத்துவிட்டாள் என்று நிதீஷ் முடிவுகட்டினான். அதைப் பற்றி நான்கு வரியில் ஒரு கவிதைகூட எழுதினான். அதில் அவன் ஒரு மலையாக இருந்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, கிளார்க் கீ நிலையம் தாண்டியதும் ரயில் சுரங்கத்தில் நின்றுவிட்டது. இருபது நிமிடம். எதிர் வரிசையில் ஆளில்லை. பார்க்க எதுவுமில்லாத கொடுமையில் நிதீஷ் பதினைந்தாம் பக்கத்தைப் படித்தான். பிறகு பதினாறு. மெய்யாகவே நன்றாக இருந்தன. அப்படியே போய் நாற்பத்திமூன்றாம் பக்கத்தைப் புரட்டியபோது மடிப்பில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

'நிதீஷ், நீ சாப்பிடப் போனப்ப உன் பஸ்ஸர் ஒண்ணைக் கேபிள் இல்லாம அடிச்சுப் பார்த்தேன். அசையல. மோட்டார் கிளாக் கேக்கவே இல்ல. ஞாயிறுக்குள்ள சரி பண்ணிடு. நான் யார்கிட்டயும் சொல்லல. ஆரபி.'

கீழே அந்த வியாழக்கிழமைத் தேதி இருந்தது.