புறங்கையால் தொட்ட பேனா

திருத்தணியில் நான் சந்தித்த அந்தப் பழைய உலைத் தொழிலாளி, எதையும் சுடுகிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே எடுப்பார். நான் நீட்டிய பேனாவையும் அப்படித்தான் தொட்டார்.

பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் முக்கி, உடனே எண்ணெயில் ஆறவிடும் முறையைத் தன் கண்டுபிடிப்பு என்று ஓர் ஆலை காப்புரிமை கேட்டிருந்தது. அதை எதிர்க்கும் வக்கீலின் குமாஸ்தா நான்; இவருடைய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க வந்திருந்தேன்.

“இதுல என்னங்க புதுசு? இருபது வருசம் முன்னாடியே எல்லார் கண்ணெதிர்லயும் செஞ்சிகினு இருந்தோம்,” என்றார். “ஆனா எம் பையன் அந்த ஆலையிலதான் வேலை செய்றான். கையெழுத்து போட்டா என் பேரு அவங்களுக்குத் தெரிஞ்சிடுமாங்க?”

“அவங்களுக்குத் தெரியாதுங்க,” என்றேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, மலைக்கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

வாக்குமூலத்தின் நகலை ஆலைக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. ரயிலில் சென்னை திரும்பும்வரை, சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட எனக்குப் பயமாக இருந்தது.