ட்ரெய்லருக்கு ஒரு ஸ்டெப்னி

வங்காளத்தில் துர்கா பூஜைக் காலத்தைத் தொடங்கிவைக்கும் மகாளயாவுக்கு மறுநாள் என் மனைவி வடிவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நியூ டவுனில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பூஜா கமிட்டி அனுப்பியது. தமிழில் தருகிறேன்: ‘சஷ்டி முதல் நவமி வரை காலைச் சிற்றுண்டிக்கு உங்கள் ஸ்டால் தேர்வாகியுள்ளது. ஏழரை மணிக்குக் கடை திறந்திருக்க வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் மீதி நாட்கள் வேறு கடைக்குப் போகும்.’

வடிவு முதல் வரியைப் படித்துவிட்டுத் துள்ளினாள். நான் கடைசி வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டால் என்று அவர்கள் சொன்னது ஒரு சின்ன ட்ரெய்லர். ஹௌராவில் ஒரு பட்டறையில் செய்தது. இரண்டே சக்கரம். பக்கவாட்டுக் கதவைத் தூக்கி நிறுத்தினால் இட்லிக் கடை, இறக்கினால் பெட்டி. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வடிவும் கீழ்வீட்டு வங்காளிப் பெண் மிதாதியும் கூட்டாக ஆரம்பித்தது. மிதாதியின் வேன் இழுக்கும், மிதாதியே ஓட்டுவார். இதுவரை பவானிபூரில் எங்கள் வட்டாரத்தைத் தாண்டியதில்லை. நியூ டவுன் என்பது ஊரின் இன்னொரு கோடி. இடையில் மேம்பாலம், பைபாஸ், பூஜைக் கூட்டம்…

நடுவழியில் டயர் பங்சரானால்? ட்ரெய்லருக்கு ஸ்டெப்னி கிடையாது!

வேல்ஸ் நாட்டில் ஒரு தெருவின் பெயர்தான் ஸ்டெப்னி. அங்கே உபரிச் சக்கரம் செய்த கம்பெனியால் நம் ஊர் மெக்கானிக் வாய் வரைக்கும் வந்துவிட்டது என்று படித்திருக்கிறேன். இதை வடிவிடம் சொன்னேன். “நாளைக்கே ஒரு ஸ்டெப்னி பார்க்கணும்” என்று முடித்தேன்.

“மெதுவாச் சொல்லுங்க. நம்ம ஆளுக யார் காதுலயாவது விழுந்தா வேற அர்த்தம் எடுத்துருவாங்க. இந்த வயசுலயான்னு கேப்பாங்க.”

மிதாதிக்குக் கவலையே இல்லை. வடிவோடு பல வருடம் பழகியதில் அவருடைய தமிழுக்கும் திருநெல்வேலி வந்துவிட்டது. “என் வேன்ல ஸ்டெப்னி இருக்குல்லா தாதா! ரெண்டு வண்டிக்கும் ஒரே சக்கரம். இன்னொண்ணு என்னத்துக்கு?”

(வங்காளத்தில் தி என்றால் அக்கா, தாதா என்றால் அண்ணன். என் உடம்பைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.)

மாட்டிப் பார்த்தோம். பொருந்தியது. போல்ட் துளைகளின் எண்ணிக்கை, ஒன்றுக்கொன்று இடைவெளி, ரிம்மின் அளவு — எல்லாம் ஒன்றே. ட்ரெய்லர் செய்த பட்டறைக்காரர் சக்கரம் மாட்ட அதே வகை வேனின் ஹப்பைத்தான் போட்டிருந்தார். மிதாதி கை தட்டினார். விஷயம் முடிந்தது.

முடிந்ததா? எனக்கு எதிலும் தேதி பார்க்கும் வியாதி உண்டு. எங்கள் வீட்டுக் குக்கரின் கேஸ்கெட் மாற்றிய நாள்கூட என் டைரியில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். டயரின் பிறந்தநாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். மிதாதியின் ஸ்டெப்னி, அந்த வேனுக்கு முன்பே பிறந்து, வேனோடு வந்து, ஒரு நாள்கூடத் தரையைத் தொடாமல் வேனுக்கு அடியில் கிழடாகியிருந்தது. ரப்பருக்கு ஓடினாலும் வயதாகும், சும்மா கிடந்தாலும் வயதாகும். பக்கச் சுவரில் மயிரிழை மாதிரி வெடிப்புகள்.

“இதை நம்பி அனுப்ப மாட்டேன்” என்றேன்.

“அனுப்பறதுக்கு நீங்க யாரு? நாங்க போறோம்” என்றாள் வடிவு. ஆனாலும் புதிது வாங்குவதை மறுக்கவில்லை.

வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த மல்லிக் பஜார் போனேன். ஒவ்வொரு கடையிலும் டயர்களைச் சுழற்றிச் சுழற்றி அந்த நான்கு இலக்கத்தைத் தேடினேன். மூன்றாவது கடைக்காரர் பொறுமை இழந்து வங்காளத்தில் கேட்டார்: “தாதா, டயர் வாங்க வந்தீர்களா, ஜாதகம் பார்க்க வந்தீர்களா?”

ஜாதகம்தான் பார்த்தேன். இந்த வருடமே பிறந்த குழந்தை ஒன்று கிடைத்தது. அவரிடமே கறுப்பு ரிம் ஒன்றும் வாங்கி மாட்டிக்கொண்டு, ஏதோ பரிசு வாங்கியவன் போல வீடு திரும்பினேன்.

வடிவு சுற்றி வந்து பார்த்தாள். ட்ரெய்லரில் ஓடும் டயரையும் பார்த்தாள். “ஏங்க, அதுல அளவுக்குப் பக்கத்துல ஒரு நம்பர் இருக்கு. இதுல வேற நம்பரா இருக்கு. சின்னதா இருக்கு.”

டார்ச் எடுத்துக் குனிந்தேன். அதுதான் சுமை எண். நேராகக் கிலோ அல்ல. அட்டவணையில் பார்த்தால் அந்த டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரியும். வேனில் நான்கு டயர்கள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ட்ரெய்லரில் இரண்டுதான். அதன் மேல் ஸ்டீல் கவுண்டர், இரண்டு சிலிண்டர், தண்ணீர் டிரம், கிரைண்டர். அதனால்தான் பட்டறைக்காரர் சரக்கு வண்டிக்கான தடித்த டயர் போட்டிருந்தார். நான் வாங்கி வந்ததோ சவாரி வண்டி டயர். அளவு ஒன்றுதான், தெம்பு வேறு. மேம்பாலத்தின் உச்சியில் அது வெடித்தால்…

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாம் எல்லோருமே நமக்குத் தெரிந்ததைத்தான் சோதித்துப் பார்க்கிறோம். மாப்பிள்ளை பார்க்கப் போகும் டாக்டர் நாடி பிடித்துப் பார்க்கிறார், வக்கீல் கேஸ் இருக்கிறதா என்று விசாரிக்கிறார், ஆடிட்டர் வரி கட்டினானா என்று கேட்கிறார். மூவரும் திருப்தியாகத் திரும்புகிறார்கள். பையன் குறட்டை விடுவானா என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்குத் தேதி தெரியும், தேதி பார்த்தேன். அந்த ரப்பர் குழந்தையால் எவ்வளவு தூக்க முடியும் என்று தோன்றவே இல்லை.

மறுபடி மல்லிக் பஜார். கடைக்காரர் என்னைக் கண்டதும், “என்ன தாதா, ஜாதகம் பொருந்தவில்லையா?” என்றார். நல்ல மனிதர், மாற்றிக் கொடுத்தார். இந்த முறை சுமை எண் சரி. வயதும் பரவாயில்லை. காற்று கூடுதலாக அடிக்க வேண்டும் என்று டயரிலேயே எழுதியிருந்தது; அடித்தேன். ட்ரெய்லருக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

இனி நிம்மதிதானே? ஸ்டெப்னி வாங்கினால் கவலை தீரும் என்று நினைப்பவர்கள் பாக்கியசாலிகள். எனக்கு அதற்கும் ஒரு கவலை சேர்ந்துகொண்டது. ஜாக்கி சரியாக நிற்குமா? நட்டு துருப்பிடித்திருந்தால்?

வேனில் எனக்கு இடமில்லை. என் இடத்தில் மாவு வாளிகள். சஷ்டி காலை வாடகைக் கார் பிடித்துப் பின்னாலேயே போனேன். பைபாஸ் சிக்னலில் மிதாதி கண்ணாடியில் பார்த்துவிட்டார். வடிவு போன் செய்தாள். “பின்னாடி வாறது நீங்கதானே? மிதாதி ரோட்டைப் பார்ப்பாளா, உங்களைப் பார்ப்பாளா? வீட்டுக்குப் போங்க.”

போனேன். அதன்பின் மூன்று காலைகளும் பால்கனியில் கைபேசியோடு நின்றேன். “போய்ச் சேர்ந்தாச்சா?” என்று கேட்பேன். சற்றுப் பொறுத்து ஆவி பறக்கும் இட்லியின் படம் வரும். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. அஷ்டமி அன்று பல வீடுகளில் அரிசி சேர்க்க மாட்டார்கள் என்பதால் ரவை இட்லி. அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பின்னணியில் சக்கரம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை.

நவமி மதியம் வண்டி திரும்பியது. முந்தைய நாட்களில் வந்ததுமே மிதாதி தரை வரைக்கும் தார்ப்பாய் போர்த்திவிடுவார்; இன்று போர்த்தவில்லை. நான்கு நாளும் கடை நேரத்துக்குத் திறந்ததாம். கமிட்டிச் செயலாளர் காளி பூஜைக்கும் வரச் சொல்லியிருக்கிறாராம். வடிவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் பாத்திரம் இறக்கக் குனிந்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

ட்ரெய்லரின் இடது சக்கரத்தில் கறுப்பு ரிம். பட்டறைக்காரர் பூசிக் கொடுத்தது மஞ்சள்.

“இது… ஸ்டெப்னி!”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பங்சராச்சு. மாட்டினோம். போனோம்” என்றாள் வடிவு. “ஒரு சொட்டு மாவு கூடச் சிந்தல.”

“எனக்கு ஏன் சொல்லவில்லை?”

“சொன்னா அங்க வந்து நிப்பீங்க.”

“அந்தப் பங்சரான டயர்?”

“உள்ள கிடக்கு. பூஜையில எந்தக் கடை தொறந்திருக்கு?”

“அப்படியானால் மீதி நாள் நல்ல ஸ்டெப்னி இல்லாமலா போனீர்கள்?”

“அதுக்குத்தான் சொல்லல” என்றார் மிதாதி.

ஆபத்து கடந்துவிட்டது, தெரியும். ஆனாலும் எத்தனை நாள் ஆபத்து என்று தெரிய வேண்டாமா? “என்றைக்கு நடந்தது?”

“சப்தமி” என்றாள் வடிவு.

“அஷ்டமி!” என்றார் மிதாதி. “அம்மனுக்குப் புஷ்பாஞ்சலி போடணும்னு நான் பட்டினியா இருந்தேன்லா. நட்டு கழட்டும்போது தலை சுத்திச்சு.”

“உனக்கு தினமுந்தான் தலை சுத்தும். சப்தமிங்க. மாவு வாளியை இறக்கி வச்சது ஞாபகம் இருக்கு.”

“அரிசி மாவா, ரவை மாவா?” என்றேன்.

“நடுரோட்டுல நின்னுக்கிட்டு அதை மோந்து பார்த்தேனாக்கும்? பாத்திரத்தைப் பிடிங்க.”

இருவரையும் தனித்தனியாக விசாரித்தேன். பிடித்த பிடியில் நிற்கிறார்கள். சப்தமி என்றால் இரண்டு நாள் நல்ல உபரிச் சக்கரம் இல்லாமல் ஓடியிருக்கிறார்கள். அஷ்டமி என்றால் ஒரே நாள். டைரியில் இப்போதைக்கு இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: ‘பங்சர் — சப்தமி அல்லது அஷ்டமி. உறுதி செய்யப்படவில்லை.’

நான்கு நாளும் கவலைப்பட்டேன். அதில் எந்த நாள் கவலை வீண்போகவில்லை என்பதுதான் தெரியவில்லை!